நிதிப் பொறியியல் முதுகலை: சேரும் முன் கேட்கப்படும் கேள்விகள்

பொறியியலோ கணிதமோ இயற்பியலோ முடித்துவிட்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிதிப் பொறியியல் முதுகலை படிக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் படிப்பு பொதுவாக ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். வேலைக்கான ஆள் எடுப்போ வகுப்பு தொடங்கின மாதமே தொடங்கிவிடும். அதனால் விமானம் ஏறும் முன் என்ன கற்றுவைத்திருக்கிறீர்கள் என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள பதில்களில் பல அதைச் சுற்றியே வரும்.

நிதிப் பொறியியலில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

பங்கு ஏறுமா இறங்குமா என்று கணிக்கக் கற்றுத்தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். படிப்பின் முதுகெலும்பு அது இல்லை. ஒரு நிதி ஒப்பந்தத்துக்கு இன்றைய நியாயமான விலை என்ன? அதை விற்றவர் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க எதை, எவ்வளவு வாங்கி வைத்திருக்க வேண்டும்? இந்த இரண்டு கேள்விகள்தான் அடிப்படை.

முதல் வாரத்தில் கரும்பலகையில் வரும் கணக்கையே பார்த்துவிடலாம். ஒரு பங்கு இன்று 100 ரூபாய். மாத முடிவில் அது 120 ஆகும், அல்லது 90 ஆகும். மூன்றாவது வழி கிடையாது. வட்டி பூஜ்யம். மாத முடிவில் அந்தப் பங்கை 105 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை, அதாவது ஒரு கால் ஆப்ஷனை, நீங்கள் ஒருவருக்கு விற்கிறீர்கள். பங்கு 120 ஆனால் அவருக்கு 15 ரூபாய் கொடுக்க வேண்டும். 90 ஆனால் எதுவும் கொடுக்க வேண்டாம். என்ன விலை கேட்பீர்கள்?

அவரிடம் 5 ரூபாய் வாங்குங்கள். 45 ரூபாய் கடன் வாங்கி அதோடு சேர்த்து, 50 ரூபாய்க்கு அரைப் பங்கு வாங்கி வையுங்கள். பங்கு 120 ஆனால் உங்கள் அரைப் பங்கு 60. கடன் 45 போக மீதி 15, அதை அவருக்குக் கொடுத்துவிடலாம். 90 ஆனால் அரைப் பங்கு 45. கடன் அடைந்துவிடும், அவருக்குத் தர வேண்டியதும் இல்லை. எது நடந்தாலும் கணக்கு நேர். ஆகவே விலை 5 ரூபாய். 6 ரூபாய்க்கு வாங்க ஆள் இருந்தால் 1 ரூபாய் எந்த ஆபத்தும் இல்லாமல் உங்கள் பைக்கு வரும்.

பங்கு ஏறுவதற்கான வாய்ப்பு 80 சதவீதமா, 20 சதவீதமா என்று இந்தக் கணக்கு எங்கும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று வியக்கத் தோன்றினால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும். இதே கணக்கைப் பல படிகளாக நீட்டியது காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரின் 1979 ஆய்வு. படிகளை நெருக்கிக்கொண்டே போனால் பிளாக்கும் ஷோல்ஸும் 1973-இல் வெளியிட்ட சூத்திரத்தில் போய் நிற்கும். ஷோல்ஸுக்கும், அதே ஆண்டில் அந்தக் கோட்பாட்டை விரித்த மெர்ட்டனுக்கும் 1997-இல் நோபல் கிடைத்தது. பிளாக் அதற்கு முன்பே, 1995-இல் காலமாகிவிட்டார்.

எம்.பி.ஏ. ஃபைனான்ஸ், சிஎஃப்ஏ போன்றவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

எம்.பி.ஏ.வும், முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சான்றிதழான சிஎஃப்ஏவும் நிறுவனத்தின் கணக்கைப் படிப்பது, முதலீட்டை மதிப்பிடுவது, மக்களையும் பணத்தையும் நிர்வகிப்பது பற்றியவை. இங்கே நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு, நிரல் ஆகிய மூன்றும்தான் அன்றாட வேலை. இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கப் பிடித்து, கணிதத்தைத் தவிர்க்கப் பார்ப்பவர் இங்கே வந்து ஒன்றரை ஆண்டு அவதிப்பட வேண்டாம். ரிஸ்க் துறைக்குப் போகிறவர்களுக்கு எஃப்ஆர்எம் என்ற நிதி ஆபத்து மேலாண்மைத் தேர்வு கூடுதல் பலம். ஆனால் அது இந்தப் பட்டத்துக்கு மாற்று ஆகாது.

ஒரே படிப்புக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

நிதிப் பொறியியல், கணக்கீட்டு நிதியியல், கணித நிதியியல், குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் என்று பெயர் எதுவானாலும் பாடங்களில் முக்கால்வாசி ஒன்றுதான். பெயரைவிட, எந்தத் துறை நடத்துகிறது என்று பாருங்கள். குணம் அங்கிருந்துதான் வருகிறது.

கார்னெகி மெலனின் கணக்கீட்டு நிதியியல் படிப்பு 1994-இல் தொடங்கியது, இவ்வகையில் முன்னோடி. வணிகப் பள்ளி, கணிதம், புள்ளியியல், தகவல் அமைப்புகள் என நான்கு பிரிவுகள் சேர்ந்து 16 மாதம் நடத்துகின்றன. கொலம்பியாவில் இரண்டு படிப்புகள் தனித்தனியே இருக்கின்றன: நிதிப் பொறியியலைத் தொழிற்பொறியியல் துறை நடத்துகிறது, நிதிக் கணிதத்தைக் கணிதத் துறை நடத்துகிறது. விண்ணப்பத்தில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கார்னெலில் மூன்று பருவம், கடைசிப் பருவம் நியூயார்க் நகரில். பெர்க்லியின் ஒரு வருடப் படிப்பு வணிகப் பள்ளியில் நடக்கிறது. மற்றவை ஆகஸ்ட்டில் தொடங்க, இது மார்ச்சில் தொடங்குவதால் அதன் விண்ணப்ப நாட்காட்டியே வேறு. பிரின்ஸ்டன் சிறிய வகுப்பு, கடும் போட்டி. நியூயார்க் நகர அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரூக் கல்லூரியும் சிறிய வகுப்புதான். தனியார் பல்கலைக்கழகங்களைவிடக் கட்டணம் வெகு குறைவு, வேலைவாய்ப்பில் அவற்றுக்குச் சளைத்ததில்லை. வெளியில் அதிகம் தெரியாத பெயர் என்பதற்காக அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது பெரிய தவறு.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூராந்த் நிறுவனம் கணித நிதியியல் நடத்துகிறது. சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்ற எஸ்.ஆர். ஸ்ரீநிவாச வரதன் பல பத்தாண்டுகள் பணியாற்றிய இடம் அது. நிகழ்தகவில் அவர் செய்த வேலை இந்தத் துறையின் கணித அடித்தளத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது.

என் பி.இ. கணிதம் போதுமா?

பாதி போதும். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இசிஇ, மெக்கானிக்கல் போன்ற கிளைகள் மூன்றாம் பருவத்தில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் படித்திருக்கும். வெப்பச் சமன்பாட்டுக்கு ஃபூரியர் தொடரில் தீர்வு எழுதியது நினைவிருக்கிறதா? பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு மாறிகளை மாற்றினால் அதே வெப்பச் சமன்பாடுதான். இரும்புக் கம்பியில் வெப்பம் பரவுவது போல, காலாவதி நாளிலிருந்து பின்னோக்கி ஆப்ஷனின் மதிப்பு பரவுகிறது. கணினி அறிவியல் மாணவர்களின் பாடத்திட்டம் வேறு: நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும் இருக்கும், பகுதி வகைக்கெழு இல்லாமல் போகலாம். எந்த ஆண்டுப் பாடத்திட்டம் என்பதைப் பொறுத்து இது மாறும். எனவே உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்துவைத்து இந்த ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள்: பலமாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு, எண்சார் முறைகள்.

பெரும்பாலும் விடுபடுவது இரண்டு. ஒன்று, நிரூபணம் எழுதும் பழக்கம். நம் தேர்வுகளில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுத்தே மதிப்பெண் வாங்கிவிடலாம். அங்கே "ஏன் இந்த எல்லை இருக்கிறது" என்று கேட்பார்கள். மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) பாடம் ஒன்றையாவது ஐஐடிகளின் இணையப் பாடத்தளமான என்பிடிஇஎல்லில் முழுதாக, பயிற்சிக் கணக்குகளோடு முடியுங்கள். மற்றொன்று, நிபந்தனை எதிர்பார்ப்பு, அதாவது இதுவரை தெரிந்ததை வைத்துப் போடும் சராசரி. நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு பக்கத்தில் கடந்துபோகும் அந்தக் கருத்தின் மேல்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது.

நானே என்னைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

இரண்டு கேள்விகள் தருகிறோம். புத்தகத்தைப் பார்க்காமல், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்.

நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். தலை, உடனே அடுத்ததாகப் பூ என்று வர சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை, தலை என்று வர எத்தனை முறை? இரண்டும் ஒன்றுதான் என்று உள்ளுணர்வு சொல்லும். விடை 4, 6. முதல் தலைக்குச் சராசரி 2 சுண்டல். அதன் பின் பூவுக்காகக் காத்திருக்கும்போது இன்னொரு தலை விழுந்தாலும் நட்டமில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறோம். இன்னும் 2, மொத்தம் 4. தலை-தலைக்குக் காத்திருக்கும்போது பூ விழுந்தால் எல்லாம் போயிற்று, முதலிலிருந்து தொடங்க வேண்டும். சராசரியை ம என்று வைத்தால், ம = 2 + 1 + ம/2, அதாவது 6.

இரண்டாவது: மூன்று சமவாய்ப்பு மாறிகள், எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு (கோரிலேஷன்) ஒரே அளவு. அந்த அளவு எவ்வளவு கீழே போகலாம்? −1 வரை என்று சொல்பவர்கள் அதிகம். மூன்றையும் கூட்டி அதன் பரவற்படியை (வேரியன்ஸ்) எழுதுங்கள்: திட்ட விலக்கம் 1 எனில் 3 + 6 × ஒட்டுறவு. பரவற்படி எதிர்மறையாக முடியாது. ஆகவே −½க்குக் கீழே போகாது.

விடை தெரியாவிட்டால் பரவாயில்லை. விடையைப் படித்ததும் பிடிபட்டதா என்பதுதான் முக்கியம். பிடிபடவில்லை என்றால் விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிவைத்து நிகழ்தகவை ஒழுங்காகப் படியுங்கள். அந்த ஓராண்டு வீண் போகாது.

நிரலாக்கம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

பைத்தானும் சி++ஸும். பைத்தானில் நம்பை, பாண்டாஸ் என்ற இரண்டு நூலகங்களிலும் லூப் எழுதாமல் வேலை செய்யும் அளவுக்கு. சி++ஸில் சுட்டிகள், வார்ப்புருக்கள், நினைவக மேலாண்மை. அடிப்படை வகுப்பின் டெஸ்ட்ரக்டர் ஏன் விர்ச்சுவலாக இருக்க வேண்டும் என்பது நேர்முகத்தில் தேய்ந்துபோன கேள்வி, இன்னமும் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். வங்கிகளின் பழைய விலைக் கணிப்பு நூலகங்கள் பெரும்பாலும் சி++ஸில் இருக்கின்றன, அவற்றைத் தூக்கிப்போட யாருக்கும் துணிவில்லை. தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் தெரியாமல் எந்த வேலையும் நடக்காது; ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பாடங்களில் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

முதல் தடுக்கல் ஸ்டோக்காஸ்டிக் கால்குலஸ், அதாவது தற்செயலாக மாறுபவற்றுக்கான நுண்கணிதம். பள்ளி நுண்கணிதத்தில் ஒரு மாறியின் வர்க்கத்தை வகையிட்டால் இருமடங்கு மாறி, அவ்வளவுதான். தற்செயலாக அலையும் பிரவுனியன் இயக்கத்தின் வர்க்கத்துக்கு அதோடு காலமும் ஒரு உறுப்பாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதுதான் இட்டோ விதி. அந்தக் கூடுதல் உறுப்பு எங்கிருந்து வந்தது என்று புரியாமல் மனப்பாடம் செய்தால் இரண்டாம் வாரத்திலேயே சிக்கல். எளிதாகப் பார்க்க: 100 ரூபாய் முதலில் 50 சதவீதம் ஏறி, பிறகு 50 சதவீதம் இறங்கினால் 75 ஆகிறது. சதவீதங்களின் சராசரி பூஜ்யம், பணமோ கால் பங்கு குறைந்துவிட்டது. ஏற்ற இறக்கமே வளர்ச்சியைத் தின்கிறது. எவ்வளவு தின்கிறது என்பதைத்தான் பரவற்படியின் பாதி என்ற அந்த உறுப்பு சொல்கிறது. பங்கு விலையைக் கணினியில் உருவகப்படுத்தும்போது மடக்கையின் போக்கிலிருந்து இதைக் கழிக்க மறப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் பிழை. விளைவு, எல்லா விலைகளும் சற்று உயர்ந்து வரும், நிரல் மட்டும் ஒரு பிழைச்செய்தியும் காட்டாது.

இரண்டாவது, மான்டி கார்லோ: பங்கின் எதிர்காலப் பாதைகளைக் கணினியில் தற்செயலாக உருவாக்கிச் சராசரி எடுக்கும் முறை. பங்கு 100, உரிமை விலை (ஸ்ட்ரைக்) 100, வட்டி 5 சதவீதம், ஏற்ற இறக்கம் 20 சதவீதம், காலம் ஓராண்டு. இந்தக் கால் ஆப்ஷனுக்குச் சூத்திரம் தரும் விலை 10.45. இதையே 10,000 பாதைகள் ஓட்டிக் கணித்தால் திட்டப் பிழை சுமார் 0.15. பத்து லட்சம் பாதைகள் ஓட்டினால் 0.015. அதாவது ஒரு தசம இலக்கம் கூடுதல் துல்லியத்துக்கு 100 மடங்கு வேலை. "பாதையைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்று வீட்டுப்பாடத்தில் எழுதினால் மதிப்பெண் போகும். எதிரெதிர் மாறிகள், கட்டுப்பாட்டு மாறிகள் போன்ற வழிகளால் பிழையைக் குறைக்கத் தெரிய வேண்டும். முதல் வேலையாக, விடை தெரிந்த இந்த 10.45-ஐ உங்கள் நிரல் தருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு விடை தெரியாத ஒப்பந்தங்களுக்குப் போங்கள்.

மூன்றாவது, வகைக்கெழுச் சமன்பாட்டைக் கட்டம் போட்டுத் தீர்ப்பது. வெளிப்படை (எக்ஸ்பிளிசிட்) முறையில் விலைக் கட்டத்தைப் பாதியாக்கினால் காலப் படியைக் கால்வாசியாக்க வேண்டும். மறந்தால் எண்கள் கோடிகளில் வெடித்து, எதிர்மறையும் நேர்மறையுமாக மாறி மாறி வரும். கிராங்க்-நிக்கல்சன் முறையில் அந்த வெடிப்பு இல்லை. ஆனால் உரிமை விலைக்கு அருகில், பயன்கோடு முறிகிற இடத்தில், சிறு அலைகள் தோன்றும். விலை சரியாகத் தெரியும், பங்கு விலையைப் பொறுத்த இரண்டாம் வகைக்கெழுவான காமாவைக் கணக்கிட்டால் குட்டு உடைந்துவிடும். முதல் சில காலப் படிகளை முழு மறைமுக (இம்ப்ளிசிட்) முறையில் எடுத்தால் அலை அடங்கும்.

இவற்றுக்கு மேலே, வட்டி விகித மாதிரிகள், கடன் ஆபத்து, புள்ளியியல், உகப்பாக்கம் (ஆப்டிமைசேஷன்) எல்லாம் வரும். வட்டி விகிதப் பாடத்தை எடுக்கும்போது பாடக்குறிப்பு எந்த ஆண்டினது என்று பாருங்கள்: வங்கிகளுக்கிடையிலான அடிப்படை வட்டி விகிதமான டாலர் லைபார் 2023 ஜூன் முடிவோடு நின்றுபோய் அதன் இடத்தில் சோஃபர் வந்துவிட்டது. பழைய குறிப்பை மட்டும் படித்துவிட்டு நேர்முகம் போனால் தெரிந்துவிடும்.

மாதிரிகளே பொய்த்துப்போகின்றனவே, பிறகு எதற்கு இவ்வளவு கணிதம்?

நல்ல கேள்வி. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃப்யூச்சர்ஸ், அதாவது பின்னொரு நாளில் வாங்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம், −37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொள்ளப் பணம் கொடுக்க வேண்டிய நிலை. அதுவரை பயன்பட்ட பிளாக் மாதிரி விலையின் மடக்கையில் இயங்குவது; எதிர்மறை எண்ணுக்கு மடக்கை கிடையாது. அமெரிக்காவின் சிஎம்இ ஃப்யூச்சர்ஸ் சந்தை ஏப்ரல் 22 முதல் பாஷிலியே மாதிரிக்கு மாறியது. பாரிஸில் லூயி பாஷிலியே 1900-இல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வந்த மாதிரி அது. விலை பூஜ்யத்துக்குக் கீழே போவதை அது தடுக்காது. இத்தனை ஆண்டுகளாக அதன் குறை என்று சொல்லப்பட்டதே அன்றைக்குக் கைகொடுத்தது.

ஒரு மாதிரி எந்த அனுமானத்தில் நிற்கிறது, அது எப்போது உடையும், உடைந்தால் கையில் வேறென்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2011-இல் எஸ்ஆர் 11-7 என்ற மாதிரி ஆபத்து வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்பின் பெரிய வங்கிகளில் மாதிரிகளைச் சரிபார்க்கவே தனிக் குழுக்கள் பெருகின. பட்டதாரிகள் பலருக்கு முதல் வேலை கிடைப்பதும் அங்கேதான்.

விண்ணப்பத்தில் எது எடுபடும், எது எடுபடாது?

ஜிஆர்இ நுழைவுத் தேர்வு கேட்கும் இடங்களில் கணிதப் பகுதி 170-க்கு 168க்குக் குறைந்தால் மறுபடி எழுதுவது நல்லது. 170 வாங்கிவிட்டதால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. பெரும்பாலோர் அதை வைத்திருப்பார்கள். மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும், எனவே கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே எழுதிவிடலாம்.

நோக்க அறிக்கையில் "சிறு வயதிலிருந்தே எனக்குப் பங்குச் சந்தையில் ஆர்வம்" என்ற வரியைத் தூக்கிவிடுங்கள். செய்த வேலையை எழுதுங்கள். நிஃப்டி ஆப்ஷன் விலைகளை என்எஸ்இ தளத்திலிருந்து இறக்கி, அந்த விலைகளிலிருந்தே பின்னோக்கி உள்ளுறை ஏற்ற இறக்கத்தைக் (இம்ப்ளைட் வோலடிலிட்டி) கணித்து, அது உரிமை விலையைப் பொறுத்து எப்படி வளைகிறது என்று பார்த்தீர்களா? வர்த்தகமே நடக்காத உரிமை விலைகளில் கடைசி விலை பழையதாக இருந்து வளைவைக் கெடுத்ததா, அதை எப்படிச் சரிசெய்தீர்கள்? இப்படி ஒரு பத்தி, பத்து பாராட்டுச் சொற்களுக்குச் சமம்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரிடம் போய் நிற்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு. மாணவரே எழுதிக்கொண்டு போக, அவர் கையெழுத்திடுவார். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரியும். பதவி சிறியதானாலும், நிகழ்தகவு சொல்லிக்கொடுத்தவரும் உங்கள் திட்டப்பணியை அருகிலிருந்து பார்த்தவரும் எழுதுவதே பலன் தரும்.

ஆகஸ்ட் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் முதல் ஜனவரி வரை பல சுற்றுகளாகக் கடைசித் தேதி வரும். முதல் சுற்றிலேயே போட்டுவிடுங்கள். சான்றிட்ட மதிப்பெண் பட்டியல் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஜூலையிலேயே விண்ணப்பியுங்கள். மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளநிலை கேட்கின்றன. எம்.எஸ்சி. முடித்திருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. கட்டணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்துப்பூர்வமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவு எவ்வளவு? கடன் வாங்கிப் படிக்கலாமா?

தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் நியூயார்க் வாடகையும் சேர்ந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். முதுகலைக்கு உதவித்தொகை அரிது. கடன் வாங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கையாலேயே போட்டுப் பாருங்கள். 80 லட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 11 சதவீதம், 10 ஆண்டு: மாதத் தவணை சுமார் 1,10,200 ரூபாய். படிக்கும் காலத்தில் வட்டி கட்டாமல் விட்டால் முழுத் தொகைக்கு ஆண்டுக்கு 8.8 லட்சம் முதலோடு சேரும். ஆகவே படிக்கும்போதே வட்டியையாவது வீட்டிலிருந்து கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்.

இப்போது கடினமான பகுதி. அமெரிக்க வேலை கிடைத்தால் இந்தத் தவணை சுலபம். கிடைக்காமல் சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்ப நேர்ந்தால், தொடக்க நிலைச் சம்பளத்தில் 1.1 லட்சம் தவணை கழுத்தை நெரிக்கும். அந்த நிலையையும் தாங்க முடியுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். வீட்டை அடமானம் வைத்துத்தான் போக வேண்டும் என்றால், கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகங்களையே முதலில் குறிவைக்கச் சொல்வோம்.

விசாவில் கவனிக்க வேண்டியது என்ன?

எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர் படிப்பு முடிந்தபின் 12 மாதம் வேலை செய்யலாம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம், ஆக 36. எனவே சேரும் முன், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் என்ன படிப்புக் குறியீடு வரும் என்று கேளுங்கள். நிதிக் கணிதத்தின் 27.0305 குறியீடு ஸ்டெம்மில் சேர்ந்தது. ஒரே பல்கலைக்கழகத்தில் வணிகப் பள்ளி நடத்தும் படிப்புக்கு வேறு குறியீடு இருக்கலாம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. நீட்டிப்புக்கு, வேலை தரும் நிறுவனம், பணி அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபையில் பதிவாகியிருக்க வேண்டும். சிறிய வர்த்தக நிறுவனங்களில் இதைக் கேட்க மறந்து பின்னால் தவிப்பவர்கள் உண்டு. அதன் பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். விதிகள் மாறிக்கொண்டே வருவதால் அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தை மட்டும் நம்புங்கள்.

வேலை தேடுவது எப்போது தொடங்கும்?

ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால், அடுத்த கோடைகாலப் பயிற்சிக்கான விண்ணப்பங்கள் அதற்கு முன்பே திறந்திருக்கும். செப்டம்பர், அக்டோபரில் இணையத் தேர்வு; நவம்பருக்குள் பெரிய வங்கிகள் பலவும் ஆளை எடுத்துவிடும். அதாவது நிதிப் பொறியியலில் ஒரு பாடம்கூட முழுதாக முடிக்காத நிலையில் நேர்முகத்தில் உட்காருகிறீர்கள். அங்கே கேட்கப்படுவது நாணயம், பகடை, ஒட்டுறவு, நேரியல் பின்னடைவு (லீனியர் ரிக்ரெஷன்), சி++. எல்லாம் ஊரிலேயே படித்திருக்கக் கூடியவை. சேர்க்கைக் கடிதம் வந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்கியவர்களுக்கும், வழியனுப்பு விருந்துகளில் கழித்தவர்களுக்கும் அக்டோபரில் வித்தியாசம் தெரியும்.

ஒரு பக்கத் தன்விவரத்தை ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். அதில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் கேள்வி வரும். ஏற்ற இறக்கம் காலத்தோடு மாறுவதைக் கணிக்கும் "கார்ச்" மாதிரி என்று போட்டிருந்தால் அதன் சமன்பாட்டை எழுதச் சொல்வார்கள்.

ஹெட்ஜ் ஃபண்டில் ஆய்வாளர் ஆக இந்தப் பட்டம் போதுமா?

சிலருக்குப் போதுமாகலாம். அந்த ஆய்வு வேலைகளுக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்றவர்களோடு போட்டியிட வேண்டும். முதுகலை முடித்தவர்கள் அதிகம் போவது வங்கிகளின் ரிஸ்க், மாதிரிச் சரிபார்ப்பு, வர்த்தக மேசைக்குக் கருவி செய்யும் குழுக்கள். இவை இரண்டாந்தர வேலைகள் இல்லை. விலைக் கணிப்பின் உள்விவரத்தை இங்கே கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது.

மெஷின் லேர்னிங் வந்தபின் இந்தப் பழைய கணிதம் தேவையா?

தேவை. படங்களை அடையாளம் காண்பதில் தரவு கோடிக்கணக்கில் கிடைக்கும், பூனை நாளைக்கும் பூனைதான். சந்தைத் தரவில் சத்தம் அதிகம், செய்தி குறைவு; ஒரு உத்தி லாபம் தருவது தெரிந்ததும் எல்லோரும் அதைச் செய்ய, லாபம் மறைந்துவிடும்.

மாணவர் திட்டப்பணிகளில் பிரமாதமான லாபம் காட்டும் வரைபடங்களில் வழக்கமாக இரண்டு ஓட்டைகள் இருக்கும். இன்றைய முடிவு விலையை வைத்து முடிவெடுத்து, அதே முடிவு விலையில் வாங்கியதாகக் கணக்கிடுவது ஒன்று. சமிக்ஞையை ஒரு நாள் தள்ளிவைத்தால் லாபம் பெரும்பாலும் காணாமல் போகும். மற்றது, இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துப் பதினைந்து ஆண்டு பின்னோக்கிச் சோதிப்பது. இடையில் சரிந்து பட்டியலிலிருந்து வெளியேறிய நிறுவனங்கள் அதில் இல்லை. தேறியவர்களை மட்டும் வைத்துத் தேர்வு நடத்தியது போல ஆகிவிடும்.

இதைப் படித்தால் சொந்தமாக ஆப்ஷன் வர்த்தகம் செய்து சம்பாதிக்கலாமா?

அந்த எண்ணத்தோடு சேர வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, பங்கு ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாகச் சொன்னது. பட்டம் உங்களுக்கு ஆப்ஷனின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லித்தரும். எதிர்ப் பக்கத்தில் இருப்பவரின் வேகத்தையும் குறைந்த செலவையும் அது உங்களுக்குத் தராது.

இந்தியாவில் இருந்தே படிக்க வழி உண்டா?

உண்டு. ஐஐடி மெட்ராஸில் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் இரட்டைப் பட்டம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பயன்பாட்டுக் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸில் எம்.ஏ. நடத்துகிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட்., சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் முதுகலைகள் ஆகியவற்றில் நிதி என்ற சொல் இல்லாவிட்டாலும், அங்கு படித்தவர்களை இந்தத் துறை விரும்பி எடுக்கிறது. வேர்ல்ட்குவான்ட் பல்கலைக்கழகம் இணையவழியில் இரண்டாண்டு நிதிப் பொறியியல் முதுகலையைக் கட்டணமின்றித் தருகிறது. வளாக ஆள்சேர்ப்பு இருக்காது, பாடம் உண்மையானது. வேலையில் இருந்துகொண்டே இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க விரும்புபவர் அதில் ஒரு பருவம் முடித்துப் பார்க்கலாம்.

உலக வங்கிகள் பலவற்றின் ரிஸ்க், மாதிரிக் குழுக்கள் மும்பை, பெங்களூரு, புனே, சென்னையில் இயங்குகின்றன. அவற்றில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பவருக்குச் சேர்க்கைக் குழுவிடமும், பின்னர் நேர்முகத்திலும், சொல்வதற்கு உண்மையான வேலை இருக்கும். வாங்க வேண்டிய கடனும் அந்தச் சேமிப்பின் அளவுக்குக் குறையும்.